முத்துலிங்கம் ஐயாவின் மேசைக் கண்ணாடி

வட்டவளைக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டமொன்றில் முத்துலிங்கம் கிளாக்கர். பதினெட்டு வருஷமாக அதே நாற்காலி, அதே விறைப்பு. அந்த மனுஷனுக்குத் தெரியாத விஷயம் ஏராளம். அதில் குற்றமில்லை, யாருக்குத்தான் எல்லாம் தெரியும்? ஆனால் ‘தெரியாது’ என்று வாய்விட்டுச் சொன்னால் மகராசனுக்கு மானம் கப்பலேறிவிடுமாம். இதற்காகவே ஞாயிறுதோறும் ஹட்டனுக்கு பஸ் ஏறிப்போய் இங்கிலீஷ் வகுப்பில் உட்கார்ந்தார். அங்கே கொடுத்த தாள் ஒன்றை மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்தார். யார் என்ன கேட்டாலும் குனிந்து அதைப் பார்த்துவிட்டுத்தான் பதில் வரும்.

கொழுந்தெடுக்கும் பூரணியின் மகள் சுலக்ஷனாவுக்கு நர்ஸ் படிப்புக்கான நேர்முகத் தேர்வு வந்திருந்தது. பிறப்புச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். வீட்டில் இருந்ததைக் கறையான் தின்றுவிட்டது. பிள்ளை பிறந்ததோ ராகலைப் பக்கம். புதுப் பிரதியை எந்த ஆபீசில் கேட்பது? பூரணி கிளாக்கரிடம் போய் நின்றாள்.

“லெட் மீ லுக் இன்டு இட்” என்றார். அடுத்த வாரம் போனாள். “ஐ வில் கெட் பேக் டு யூ.” மூன்றாம் வாரம், “தட்ஸ் எ குட் குவெஸ்ச்சன்.” கேள்வி நல்லதாம், இதைச் சொல்லச் சம்பளம் வேறு!

பூரணிக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் மனம் நிறைந்துபோனது. தோட்டத்தில் இங்கிலீஷ் என்றால் உத்தரவு. மேனேஜர் துரை இங்கிலீஷில் ஒன்று சொன்னால் மறுநாள் அது நடந்துவிடும். டவுனில் போட்டோகொப்பி கடை வைத்திருக்கும் ஹுசைன் நானாவிடம் கேட்கலாம் என்று மகள் சொன்னபோதும் அவள்தான் அதட்டினாள்.

“ஐயா இங்கிலீஷ்லயே சொல்லிட்டாரு, காரியம் நடக்குது. நீ குறுக்க பூந்து கெடுத்துடாத.”

தேர்வுக்கு முதல் நாள் இருவரும் ஆபீசுக்குப் போனார்கள். கிளாக்கர் வழக்கம்போலக் குனிந்தார். சுலக்ஷனாவும் எட்டிப் பார்த்தாள். ‘தெரியாது என்பதை நாசூக்காகச் சொல்ல இருபது வழிகள்’ என்று தாளின் தலைப்பு இங்கிலீஷில் இருந்தது. சொல்லி முடித்தவற்றுக்குப் பக்கத்தில் பென்சிலால் சரி போட்டிருந்தார், வெட்கங்கெட்ட மனுஷன்.

“அம்மா, மூணு வாரமா இவரு தெரியாதுன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்திருக்காரு.”

பூரணிக்கு ஆத்திரம் வந்தது. அவரை நினைத்துப் பாதி, தன்னை நினைத்துப் பாதி. டவுனுக்கு ஓடினார்கள். ஹுசைன் நானா கேட்டதுமே தனக்குத் தெரியாது என்றார். சொன்ன கையோடு அரசாங்க ஆபீசில் வேலை பார்க்கும் தன் மகள் மின்ஹாவுக்கு போன் போட்டார். எந்த ஆபீஸ், என்னென்ன கொண்டுபோக வேண்டும் எல்லாம் ஒரே நிமிஷத்தில் வந்துவிட்டது. பிரதி கைக்கு வர இரண்டு நாள் ஆகுமாம்.

மறுநாள் சான்றிதழ் இல்லாமல் போன சுலக்ஷனாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த வருஷம் போனது போனதுதான்.

அடுத்த வாரம் காலைப் பெரட்டில் எல்லாரும் அன்றைய வேலைக்குப் பெயர் கொடுக்க நின்றபோது, ஒன்றுமே நடக்காதது போல கிளாக்கர் கேட்டார், பாப்பா எப்போது நர்ஸாகப் போகிறது என்று.

பூரணி கூடையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

“எனக்குத் தெரியாதுங்க ஐயா” என்றாள். “பாத்தீங்களா, சொன்னா வாய் ஒண்ணும் வெந்து போகலைங்க.”