அத்தையை எழுப்பிய மதியம்

சித்தப்பா செத்தவர்களை எழுப்பப் போவதாகச் சொன்னபோது என் வாயில் பாதி வடை இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"இன்னாடி முழிக்கிற? கேம்ல தான்" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கேமில்தான் என்று சொல்லிவிட்டால் பயம் போய்விடுமா? எனக்குப் போகவில்லை. இன்றைக்கும் கேஸை மூடினேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவள் நான். அப்போது வயது பத்து.

செங்கல்பட்டு பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சித்தப்பா ஒரு கடை வைத்திருந்தார். ஜெராக்ஸ், டிடிபி, லேமினேஷன், பிரவுசிங் என்று போர்டில் வரிசையாக எழுதியிருக்கும். எங்கள் வீடு திருக்கழுக்குன்றத்தில். முழுப்பரீட்சை லீவு விட்டால், கேள்வி கேட்டே அம்மாவின் உயிரை எடுக்கிறேன் என்று என்னைச் சித்தப்பாவின் வண்டியில் ஏற்றிக் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போய் அவருடைய உயிரை எடுப்பேன்.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. கஸ்டமர் இல்லாத நேரமெல்லாம் ஒரே ஒரு கேம்தான். சென்னையிலிருந்து யாரோ காப்பி போட்டுக் கொடுத்த சிடி. அதில் ஜெயிப்பது தோற்பது கிடையாது. வெறும் மண்தரை கொடுப்பார்கள். நாம் குளம் வெட்டலாம், சுவர் வைக்கலாம், வீடு கட்டலாம். வீடு கட்டக் கட்ட ஆட்கள் வந்து குடியேறுவார்கள், வயதாகிச் சாவார்கள். சித்தப்பா அதற்குள் எங்கள் ஊரையே கட்டிவைத்திருந்தார். மலை, மலைமேல் கோயில், கீழே சங்குத் தீர்த்தம். அதோடு விடவில்லை. எங்கள் போட்டோக்களை ஸ்கேன் செய்து அந்தப் பொம்மை ஆட்களுக்கு முகமாக ஒட்டிவிட்டார். அம்மா தலையில் குடத்தோடு நடப்பாள். அப்பா கோபுர வாசலில் நிற்பார். நிஜத்திலும் அப்பாவுக்குக் கோயில் ஆபீஸில்தான் வேலை.

அத்தைக்கு மட்டும் அதில் ஜன்னல் வைத்த தனி வீடு. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் பிறந்தவள் அத்தை. எங்களோடுதான் இருந்தாள், அக்கம்பக்கத்தாருக்கு ஜாக்கெட் தைத்துக்கொண்டு.

அந்த வருஷம் பொங்கல் கழிந்து அத்தை செத்துப்போனாள். எனக்கு அப்படித்தான் சொன்னார்கள். ஒருநாள் காலையில் என்னைப் பக்கத்து வீட்டில் விட்டார்கள். சாயங்காலம் திரும்பி வந்தால் வீடு முழுக்கக் கழுவி விட்டிருந்தது. தையல் மிஷினைக் காணவில்லை. அப்பா தலையில் ஈரத்தோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். "அத்த செத்துட்டா. இனிமே இந்த வூட்ல அந்தப் பேச்சு கூடாது" என்றார். பிணம் வரவில்லை, பறை அடிக்கவில்லை, ஒப்பாரி வைக்க யாரும் வரவில்லை. வெளியூரில் ஆகிவிட்டது என்றாள் அம்மா. போஸ்டர் மட்டும் ஒட்டினார்கள். மேலே கண்ணீர் அஞ்சலி, கீழே அத்தை, யாருடைய கல்யாணத்திலோ எடுத்த பச்சைப் புடவைப் படம். அப்பா எழுதிக் கொடுத்ததைச் சித்தப்பாதான் தன் கடையில் டைப் அடித்து, பிரிண்ட் எடுத்து, பசை வாளியோடு போய் ஒட்டிவிட்டு வந்தார். கருமாதிச் சாப்பாட்டில் பாயசம் போட்டார்கள். நான் இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

சித்தப்பா கேமிலும் அத்தையின் வீட்டைப் பூட்டிவிட்டு ஏரிக்கரைச் சுடுகாட்டில் அவளுக்கு ஒரு கல் வைத்தார். அதற்கப்புறம்தான் அவருக்கு இந்த எழுப்புகிற பைத்தியம் பிடித்தது.

வெளிநாட்டில் யாரோ இந்தக் கேமைப் பிரித்து, புதிதாகப் பூதம் பேய் எல்லாம் சேர்ப்பது எப்படி என்று இன்டர்நெட்டில் எழுதிவைத்திருந்தார்களாம். சித்தப்பா அதைப் பக்கம் பக்கமாகப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டு, விளையாட்டின் வயிற்றுக்குள் கையை விட்டார். முதலில் ஒரு பூசாரியைச் செய்தார். மாசி மாதம் அங்காளம்மன் கோயில் மயானக் கொள்ளையில் செல்போனில் பிடித்த உடுக்கைச் சத்தத்தை அவனுக்குக் கொடுத்தார். பிறகு வேதாளம், கண்ணில் நெருப்பு எரியும் நாய், முதலைத் தலையும் மனுஷக் காலுமாக ஒன்று. உடுக்கை அடித்தால் இதெல்லாம் வந்து நின்று சொன்ன வேலையைச் செய்யவேண்டும். ஆரம்பத்தில் எதுவும் சொன்னபடி கேட்கவில்லை. வேதாளம் வந்த வேகத்தில் கோபுரச் சுவருக்குள் புகுந்து மாட்டிக்கொண்டது. வெளியே இரண்டு கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"அண்ணாத்த, வேதாளத்துக்கு வெளிய வர்றதுக்கு வழி தெரியல போல. கண்டக்டரு வந்து எறக்கி வுடணும்" என்றான் பிரவுசிங்குக்கு வந்த கல்லூரிப் பையன் ஒருவன்.

"நீ உன் ரிசல்ட்ட பாருப்பா. அதுவும் மாட்டிகினு தான் கீது" என்றார் சித்தப்பா.

செத்தவர்களை எழுப்புவது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. முதலில் எழுந்த ஆட்டுக்குத் தலை பின்பக்கம் திரும்பியிருந்தது. அதைச் சரிசெய்தால் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுபோனது. கேமில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று ஒரு கணக்கு. அதற்கு மேல் போனால் மெமரி தாங்காது. யோசித்து யோசித்துக் கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்.

"ஒண்ணு எழுந்தா ஒண்ணு வுழணும். அவ்ளோதான். அப்ப லெவலா பூடும்."

"எது வுழும் சித்தப்பா?"

"எது ஆப்டுதோ அது."

அவர் கம்ப்யூட்டருக்காகச் சொன்னார். நான் அதை எமனுடைய சட்டமாகக் கேட்டுக்கொண்டேன்.

ஒரு மதியம் ஜெராக்ஸ் மிஷினில் பேப்பர் சிக்கிக்கொண்டது. சித்தப்பா அதைப் பிரித்துப்போட்டுக் கையெல்லாம் மையோடு உட்கார்ந்திருந்தார். நான் திரைக்கு முன்னால் இருந்தேன். பூசாரி ஏரிக்கரையில் நின்றான். ஏன் செய்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. அத்தையைப் பார்க்கவேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான். கல்லின்மேல் மவுஸ் அம்பை வைத்து அமுக்கினேன்.

ஸ்பீக்கரில் உடுக்கை அதிர்ந்தது. கல் சாய்ந்தது. மண்ணிலிருந்து முதலில் தலை, அப்புறம் தோள், அப்புறம் பச்சைப் புடவை. அத்தை எழுந்து என்னைப் பார்த்து நின்றாள். போஸ்டரில் சிரித்த அதே சிரிப்பு. அதே நேரம் திரையின் மூலையில், கோபுர வாசலில் நின்றிருந்த அப்பா பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார். கொஞ்ச நேரம் கிடந்தார். பிறகு அந்த இடத்தில் ஆளே இல்லை.

மானிட்டரை அணைத்தேன். ஸ்பீக்கர் அணையவில்லை. உடுக்கைச் சத்தம் கேட்டுச் சித்தப்பா ஓடிவந்து மானிட்டரைப் போட்டார். திட்டப்போகிறார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மை படிந்த கையை மவுஸ்மேல் வைத்தபடி நின்றார். அத்தை ஏரிக்கரையிலிருந்து ஊருக்குள் நடந்தாள். பூட்டிய தன் வீட்டு வாசல்வரை போனாள், திரும்பினாள், மறுபடி நடந்தாள்.

"சித்தப்பா, அப்பா வுழுந்துட்டாரு. எடுத்து வெய்யி."

"வெக்கலாம், வெக்கலாம். இன்னா அவசரம்?"

"இப்பவே வெய்யி சித்தப்பா."

"அவ கொஞ்ச நேரம் நடக்கட்டுமே" என்றார்.

அன்றிலிருந்து அப்பாவுக்குக் காவல் நான்தான். அவர் தூங்கும்போது மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்ப்பேன். வண்டிச் சாவியை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தேன். மலைக்கோயிலுக்குப் போகிறேன் என்று அவர் கிளம்பினால் காலைக் கட்டிக்கொள்வேன். "இதுக்கு இன்னா பேய் புடிச்சிருக்கா?" என்றாள் அம்மா. பேய் என்ற சொல்லைக் கேட்டதும் அப்பாவின் காலை இன்னும் இறுக்கிக்கொண்டேன். அப்பா நன்றாகத்தான் சாப்பிட்டார், நன்றாகத்தான் இருமினார். ஆனால் கேமில் கோபுர வாசல் இன்னும் காலியாகவே இருந்தது.

அப்புறம் ஒருநாள் மாமல்லபுரத்தில் ஓர் ஓட்டலுக்கு மெனு கார்டு லேமினேஷன் போட்டுக் கொடுக்கவேண்டும் என்று சித்தப்பா கிளம்பினார். நானும் தொற்றிக்கொண்டேன். கார்டுகளைக் கொடுத்ததும், என்னை ஓர் இளநீர்க் கடையில் உட்காரவைத்து, "நகராத, தோ வந்துட்டேன்" என்று ஒரு பையை எடுத்துக்கொண்டு சந்துக்குள் போனார். என்னைத் தனியாக விட்டால் நான் சும்மா இருப்பேனா? ஆள் காணாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பின்னாலேயே போனேன்.

சந்தில், வெள்ளைக்காரர்களுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கும் கடை ஒன்று. வாசலில் சாயத்துணிகள் தொங்கின. உள்ளே அளவெடுக்கும் டேப்பை வைத்து, வெள்ளைக்காரி ஒருத்தியின் கையை அளந்துகொண்டிருந்தாள் அத்தை. சித்தப்பா பையைக் கொடுக்க நீட்டிக்கொண்டிருந்தார். தைப்பவர் ஒருவர் மிஷினில் குனிந்திருந்தார்.

ஓட நினைத்தேன், உடம்பு கேட்கவில்லை. நான்தானே எழுப்பினேன்? ஏரிக்கரையிலிருந்து இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறாள்.

அத்தை என்னைப் பார்த்துவிட்டாள். டேப் கீழே விழுந்தது. கிட்ட வந்து மண்டி போட்டு என் மோவாயைப் பிடித்தாள். கை சூடாக இருந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"பாப்பா, எவ்ளோ ஒசந்துட்ட நீ" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அண்ணன் எப்டி கீறாரு?" என்றாள்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த ஒன்று இது: செத்தவர்கள் வந்து யாரையாவது விசாரித்தால் வாயைத் திறக்கக்கூடாது. இருக்கிறார் என்று சொல்லிவிட்டால் அவரைத் தேடி வீட்டுக்கே வந்துவிடுவார்கள். நான் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டேன்.

"வேளைக்குச் சாப்புடுறாரா? சொல்லு கண்ணு. அண்ணன் நல்லா கீறாரா?"

ரத்தம் உப்புக் கரித்தது. நான் சொல்லவில்லை. அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் மோவாயிலிருந்து கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

படிக்கிறவர்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கியது எட்டாவதோடு படிப்பை நிறுத்தி வீட்டில் உட்கார்ந்த பிறகுதான். அத்தை சாகவில்லை. அந்த மிஷினில் குனிந்திருந்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு போனாள். அவர் முஸ்லிம். அதற்காக உயிரோடு இருக்கும் தங்கைக்கு அப்பா தலைமுழுகி, போஸ்டர் அடித்து, பாயசம் வைத்துக் கருமாதி செய்துவிட்டார். பத்து வயதில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: எழுந்தவள் அப்பாவைக் கேட்கிறாள்.

திரும்பி வரும்போது சித்தப்பா, "நீ யாரையும் பாக்கல. வூட்ல மூச்சு வுட்ட, அண்ணன் என்ன வெட்டிப் போட்டுடும்" என்றார். அந்தப் பயமும் சேர்ந்துகொண்டது.

வீட்டுக்கு வந்ததும் காய்ச்சல் கொளுத்தியது. சாயங்காலம் கோயில் ஆபீஸிலிருந்து வந்த அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து, கிண்ணத்துத் தண்ணீரில் துணியை நனைத்து நெற்றியில் போட்டார். "வெயில்ல எங்கம்மா சுத்துனீங்க?" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு மேல் என்னால் தாங்கமுடியவில்லை.

"அப்பா, நீ அத்த கூட போவாத."

துணியைப் பிழிந்த கை நின்றது. நான் எல்லாவற்றையும் கொட்டினேன். கல், உடுக்கை, கோபுர வாசல், டேப். அடுக்களையிலிருந்து வந்த அம்மா கரண்டியோடு நின்றுவிட்டாள். சித்தப்பா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். அப்பா கத்தப்போகிறார் என்று மூன்று பேரும் காத்திருந்தோம்.

"இன்னா கேட்டா?" என்றார் அப்பா.

"அண்ணன் எப்டி கீறாருன்னு."

"அண்ணன்னா சொன்னா? அப்டியே சொன்னாளா?"

"ம்."

"வேற இன்னா கேட்டா?"

"வேளைக்குச் சாப்புடுறாரான்னு."

அப்பா துணியைத் தண்ணீருக்குள் அமுக்கினார், எடுத்தார், மறுபடி அமுக்கினார். என்னைப் பார்க்காமல் கேட்டார்: "நீ இன்னா சொன்ன?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். காய்ச்சலிலும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"நான் ஒண்ணுமே சொல்லலப்பா. திருப்பித் திருப்பிக் கேட்டா. வாயே தொறக்கல."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே."

"நல்லா கீறாருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் அப்பா. துணியைப் பிழியாமலே என் நெற்றியில் போட்டுவிட்டு எழுந்து பின்கட்டுக்குப் போனார். தண்ணீர் என் காதுக்குள் வழிந்தது. வெளியே குழாய் திறந்து தண்ணீர் கொட்டும் சத்தம் வெகுநேரம் கேட்டது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டும் அப்பா வரவில்லை.

காய்ச்சலுக்கு அந்தச் சத்தம் இதமாக இருந்தது. நான் கெட்டியாக வாயை மூடிக்கொண்டதால்தான் அப்பா தப்பித்தார் என்று நினைத்தபடி, பல நாளைக்கு அப்புறம் அன்றுதான் நன்றாகத் தூங்கினேன்.