சித்தப்பா ஓட்டுக் கேட்டு வந்த நாள்

"நீங்க எந்தக் கட்சி?" என்று யாராவது கேட்டால், "கட்சியெல்லாம் இல்லபா, எனக்கு ஆளுதான்" என்பார் அப்பா. அந்த ஆள் எங்கள் தொகுதியில் திரும்பத் திரும்ப நின்றவர். ஒவ்வொரு முறையும் வேறு கொடி. அப்பாவும் கூடவே போவார். மாறியதாக மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். சித்தப்பாவுக்கு நினைவு தெரிந்ததிலிருந்து ஒரே கட்சி. "ஆளு இன்னிக்கு இருப்பான், நாளைக்குப் போயிடுவான். கட்சி இருக்கும்" என்பார்.

செலியமேட்டில் இருவருக்கும் அடுத்தடுத்த வீடு, அடுத்தடுத்த கரும்புக் கொல்லை. தேர்தல் மாதத்தில் முறைத்துக்கொள்வார்கள். முடிந்ததும் ஒரே மோட்டாரில் தண்ணீர் பாய்ச்சுவார்கள்.

நான் பள்ளிக்கூடம் முடித்த வருஷம் அது கெட்டது. அந்த வருஷத் தேர்தலில் சித்தப்பா தன் கட்சியின் பூத் ஏஜெண்டாக உட்கார்ந்திருந்தார். அம்மா ஓட்டுப் போடப் போனாள். பட்டியலில் அவள் பெயரில் ஓர் எழுத்து தப்பாக இருந்தது. அதிகாரி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சித்தப்பாதான் எழுந்தார்.

"ஆட்சேபணை இருக்கு சார். பட்டியல்ல இருக்கறது இவங்கதானான்னு எனக்குத் தெரியாது."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவருக்குச் சோறு போட்டவள் அம்மா. அவளை ஓரமாக ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். வரிசையில் நின்ற ஊர்ச் சனம் முழுக்க அவளைப் பார்த்தது. ரொம்ப நேரம் கழித்து, விசாரித்து, ஓட்டுப் போட விட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் உலை வைத்தாள்.

"இன்னாம்மா ஆச்சு?" என்று கேட்டேன். ஊருக்குள் செய்தி அதற்குள் பரவியிருந்தது.

"ஒண்ணும் இல்ல. நான் யாருன்னு தெரியலயாம் அவருக்கு."

அன்றோடு அப்பா தம்பியிடம் பேச்சை நிறுத்தினார். தனி மோட்டார் போட்டார். என் கல்யாணத்துக்குச் சித்தப்பாவைக் கூப்பிடவில்லை. அவரும் கேட்கவில்லை. நான் மூலக்குளத்துக்கு வாழப் போனேன். எனக்குக் குழந்தைகள் பிறந்தார்கள். ஊருக்குப் போகும்போதெல்லாம் சித்தப்பா வீட்டைத் தாண்டும் இடத்தில் தலையைக் குனிந்துகொள்ளப் பழகியிருந்தேன்.

போன தேர்தலுக்கு முன்னால் அப்பாவின் ஆள் சித்தப்பாவின் கட்சியில் சேர்ந்தார். டிவியில் புதுத் துண்டோடு சிரித்துக்கொண்டிருந்தார். நான் போன் செய்து அதைப் பற்றிக் கேட்டேன். "அவருக்கு இன்னா கஷ்டமோ" என்றார் அப்பா.

பிரசாரத்துக்கு அண்ணனையும் தம்பியையும் ஒரே டாடா ஏஸ் வண்டியில் ஏற்றினார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி லீவு விட்டிருந்ததால் நானும் ஊரில் இருந்தேன். ஒரு மைக்கை இருவரும் மாற்றி மாற்றிப் பிடித்தார்கள். நேருக்கு நேர் ஒரு வார்த்தை கிடையாது. "அடுத்ததாக அண்ணன் பேசுவார்" என்று ஸ்பீக்கரில் சித்தப்பாவின் குரல் கேட்டபோது, அத்தனை வருஷத்தில் அவர் அப்பாவை அண்ணன் என்று சொல்லி முதல்முறையாகக் கேட்டேன். சந்தோஷப்பட வேண்டும் என்று தோன்றியது. அலுப்பாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் எங்கள் தெரு. வீடுவீடாக நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் வீட்டை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். கூட வந்த கட்சிக்காரர்கள் முன்னால் அதுவும் முடியவில்லை போலிருக்கிறது. சித்தப்பா கேட் பக்கத்தில் நின்று நோட்டீஸை நீட்டினார். அவருக்குப் பின்னால், சொந்த வீட்டு வாசலில், யாரோ போல அப்பா நின்றார்.

"அண்ணி, நம்ம ஆளுக்கு ஓட்டுப் போடணும்."

அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"யாரு வூடுன்னு தெரிஞ்சிதான் கேக்கறீங்களா?"

வண்டி ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"இந்தப் பேருல இருக்கறவ நான்தான். இப்பவாவது தெரியுதா? தெரியும்னா சொல்லுங்க, வாங்கிக்கறேன்."

"தெரியும் அண்ணி" என்றார் சித்தப்பா. "அன்னிக்கும் தெரியும்."

அம்மா நோட்டீஸை வாங்கிக்கொண்டாள். உள்ளே கூப்பிடவில்லை. அப்பாவைப் பார்த்து, "நீங்க சாப்ட வருவீங்களா, இல்ல இவங்களோடயேவா?" என்று மட்டும் கேட்டாள். அப்பா வண்டியைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார். "நான் கெளம்பறேன்பா, நீங்க போங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினார். கட்சிக்காரர்களில் ஒருவர் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவர் பிரசாரத்துக்குப் போகவே இல்லை.

ஆள் ஜெயித்துவிட்டார். அம்மா யாருக்குப் போட்டாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லவும் மாட்டாள். கரும்பு வெட்டுக்கு எந்தக் கொல்லையில் முதலில் ஆள் இறங்குவது என்பதைப் பற்றி அண்ணனும் தம்பியும் இப்போது வரப்பில் நின்று நாலு வார்த்தை பேசிக்கொள்கிறார்கள். பொங்கலுக்குச் சித்தப்பா வீட்டிலிருந்து ஒரு தூக்குச் சட்டியில் சர்க்கரைப் பொங்கல் வந்தது. அம்மா அதை வாங்கி எங்கள் எல்லாருக்கும் வைத்தாள். தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை.