திருடினால்தான் முளைக்கும் பூண்டு

புரோகோர் முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர். மூடநம்பிக்கை என்றால் முகம் சுளிப்பார். ஆனால் மூன்று குளிர்காலமாக அவர் பாத்தியில் ஒரு பூண்டுகூட முளைக்கவில்லை. இயற்பியல் உதவிக்கு வரவில்லை.

முதல் வருஷம் சந்தையில் வாங்கிய தெற்கத்திப் பூண்டு. பல் ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன். ஓம்ஸ்க் நகரத்துக் கடுங்குளிரில் அழுகிப்போயிற்று. அடுத்தது, எந்தக் குளிருக்கும் அசையாது என்று விதைப்பட்டியலில் போட்டிருந்த ரகம். அது அசையவில்லைதான், மண்ணுக்குள்ளேயே கிடந்தது. மூன்றாவதற்கு வைக்கோல் போர்த்தினார். எலிகள் குடிவந்தன.

"வர்ற வசந்தத்துல ஒரு முளையாவது தெரியணும். இல்லேன்னா தோட்டத்த வித்துட்டு மக வீட்டுக்குப் போயிடலாம்," என்று சொல்லிவிட்டாள் மனைவி ரிம்மா.

மகள் வீடு ஒன்பதாவது மாடி. அங்கே அவருக்கு வாய்க்கப்போகும் நிலம் பால்கனியில் ஒரு தொட்டி.

அக்டோபர் பிறந்துவிட்டது. மண் உறைந்து இறுகப் பத்து நாள்கூட இல்லை; அதற்குள் நட்டால்தான் வசந்தத்தில் முளைக்கும். கௌரவத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு அடுத்த தோட்டத்துக் கிளாஃபிராவிடம் போனார். அவளிடம் இருந்தது உள்ளூர்ப் பூண்டு. கத்தரிப்பூ நிறத் தோல், நடுவில் சுள்ளி போலத் தண்டு, ஒரு பூண்டுக்கு நாலே பல். எப்பேர்ப்பட்ட பனியிலும் பிழைத்துக்கிடக்கும்.

அவள் ஒரு கொத்தை எடுத்து நீட்டினாள்.

"ரொம்ப நன்றிங்க."

படக்கென்று பிடுங்கிக்கொண்டாள். "உங்க வாயில என்ன பிசாசா உக்காந்திருக்கு? நடுறதுக்குக் குடுத்தா யாராச்சும் நன்றி சொல்வாங்களா? இனி இது முளைச்ச மாதிரிதான். வாத்தியாராம்!"

"வேற கொத்து குடுங்க. வாயே திறக்கமாட்டேன்."

"இனிமே நான் குடுத்தா உங்க மண்ணுல வேர் பிடிக்காது. திருடிட்டுப் போய் நட்டாத்தான் முளைக்கும்."

"சரி. எப்போ வந்து திருடட்டும்?"

"நேரம் கேட்டுத் திருடுற திருடன இப்பத்தான் பாக்குறேன், புரோகோர் இக்னாத்யிச்!"

பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனிதர். இரண்டு நாள் வேலியோரம் நடந்து தீர்த்தார். மூன்றாம் நாள் பனித்தூள் விழத் தொடங்கியது. பட்டப்பகலில் வேலி தாண்டினார், கால்சட்டை கிழிந்தது. கொட்டகைக் கதவு திறந்தே கிடந்தது. கிளாஃபிரா முதுகைக் காட்டிக்கொண்டு, கழுவிய வாளியையே டமடமவென்று திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். பத்துப் பூண்டுகளைப் பையில் திணித்துக்கொண்டு ஓடினார். இருட்டுவதற்குள் நாற்பது பல்லும் மண்ணுக்குள் போயின.

ஏப்ரல் கடைசியில் பனி கரைந்தது. பாத்தி வெறும் கறுப்பு. ரிம்மா விற்பனை அறிவிப்பை எழுதி மேசைமேல் வைத்துவிட்டாள். அவர் தினமும் மண்டியிட்டுத் தேடினார். ஆறாம் நாள் மண்ணைக் கீறியபோது விரலில் எதுவோ குத்தியது. பச்சை. பக்கத்தில் இன்னொன்று.

வேலிக்கு ஓடினார். "கிளாஃபிரா செம்யோனவ்னா! ரொம்ப..."

சேறு அப்பிய இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்ன வாத்தியாரே?"

"ஒண்ணுமில்ல. கொட்டகைக்கு ஒரு பூட்டு போடுங்க. இந்தப் பக்கம் திருட்டு ஜாஸ்தி."