மீன் பெட்டிக்குள் போன ஓர்கன்

சித்தப்பாவின் மின்சார ஓர்கன் முதல் தடவை வெளியூர் போனது பஸ்ஸின் கூரையில், ஒரு சாக்குக்குள். இறக்கிப் பார்த்தால் ஊமையாகியிருந்தது. கப்பலில் வேலை செய்த சிநேகிதன் கொடுத்துவிட்டுப் போன சாமான் அது. திருத்தி எடுப்பதற்குள் சித்தப்பா பாதியாகிப் போனார். அதற்குப் பிறகு வெருகல் முருகன் கோயில் திருவிழாவுக்கு அவருடைய இசைக்குழுவைக் கூப்பிட்டபோது அப்பா ஒரு நிபந்தனை வைத்தார்.

"இந்த முறையும் அது வாய் திறக்கேல்லையெண்டா, உந்தப் பாட்டை மறந்திட்டு என்னோட நாள் முழுக்க வாடியில நில்."

அப்பா சல்லிக் கிராமத்தில் மீன் வியாபாரி. கடற்கரையில் அவருடைய மீன் கொட்டிலான வாடியில் காலையில் மீன் நிறுத்துக் கொடுப்பது சித்தப்பா, பின்னேரத்தில்தான் ஓர்கன். பாட்டு நின்றுவிட்டால் எங்கள் வீட்டில் மிஞ்சப்போவது தராசுக் கதை மட்டும்தான். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு "ஓம்" என்றார்.

ஆனால் ஓர்கனைக் கட்டும் வேலையை அப்பா ஒருவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. "கொழும்புக்கு லொறியில போற மீனே நசியாமல் போகுது, இது என்ன பெரிய சாமான்?" என்றார். வாடியிலேயே நல்ல மீன் பெட்டியைத் தெரிந்தெடுத்து, கடலில் கழுவி, வெயிலில் காயவைத்தார். ஐஸ் கரையாமல் இருக்கப் போடுகிற மரத்தூளை அடியில் கொட்டி, ஓர்கனை அம்மாவின் சேலையில் சுற்றி நடுவில் இறக்கினார். இடைவெளியெல்லாம் மரத்தூளை அமத்தி அடைத்தார். ஐஸ் மட்டும்தான் போடவில்லை. பெட்டியைத் திருப்பிக் கொண்டுவர ஆள் வேண்டுமென்று தானும் புறப்பட்டார். நான் அழுது அடம்பிடித்து ஒட்டிக்கொண்டேன்.

மூதூருக்குப் போகும் லோஞ்சுப் படகில் பக்கத்திலிருந்த வியாபாரி பெட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு, "என்ன மீன் அண்ணன்?" என்று கேட்டார். அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது.

வெருகலில் ட்ரக்டரிலிருந்து இறங்கிப் பெட்டியைத் தூக்கியதும் கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் வண்ணக்கர் குறுக்கே வந்து நின்றார். ஊரே விரதம் இருக்கிற நேரம்.

"மச்சப் பெட்டி உள்ளுக்கு வர ஏலாது."

"கழுவித்தானே கொண்டு வந்தனான். எனக்கொண்டும் மணக்கேல்லையே" என்றார் அப்பா. பொய்யில்லை. எங்கள் வீட்டு மூக்குகள் ஒன்றுக்குமே மணக்கவில்லை. சித்தப்பா பேயறைந்தவர் போல நின்றார். எனக்கு அப்பாவின் மேல் பொல்லாத கோபம். வேண்டுமென்றேதான் இப்படிச் செய்தார் என்று நினைத்தேன்.

அப்பா வேலிக்கு வெளியே மரத்தடியில் பெட்டியைத் திறந்தார். ஆற்றில் முழுகிவிட்டு வந்து, ஓர்கனின் கட்டைகளுக்கிடையில் சிக்கியிருந்த மரத்தூளை ஊதி ஊதி எடுத்தார். யாரிடமோ சாம்பிராணிச் சட்டி இரந்து வாங்கி, ஓர்கனுக்கு நாலு பக்கமும் புகை காட்டினார், பிள்ளை பெற்ற வீட்டில் குழந்தைக்குக் காட்டுவதுபோல. வண்ணக்கர் குனிந்து மணந்து பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி, பெட்டி மட்டும் வெளியில நிக்கட்டும்" என்றார்.

ஓர்கன் அப்பாவின் மாற்று வேட்டியில் உள்ளே போனது. பொழுதுபடும் நேரம் ஜெனரேட்டர் இருமி இருமிப் பிடித்தது. சித்தப்பா முதல் கட்டையை அமத்தினார். சத்தம் வந்தது. அடுத்ததும் வந்தது. ஆற்றங்கரைச் சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. நான் துள்ளிக் குதித்தேன். அப்பா ஜெனரேட்டருக்குப் பக்கத்திலேயே நின்றார். கடைசிப் பாட்டு முடியும்வரை அவர் அந்த இடத்தை விட்டு அசையவேயில்லை.

மறுநாள் லோஞ்சில் ஓர்கனை மடியில் வைத்துக்கொண்டு அப்பா வந்தார். துறைமுகம் தெரியத் தொடங்கியதும் சித்தப்பாவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"நாளையிலிருந்து வாடிப் பக்கம் உன்னைக் காணப்படாது. கண்டனெண்டால் காலை முறிப்பன்."

சித்தப்பாவை வேலையிலிருந்து துரத்திவிட்டார் என்று நான் ஓவென்று அழத் தொடங்கினேன். இவ்வளவு பேச்சு வாங்கிய மனிதர் அப்பாவின் தோளிலேயே தலையைச் சாய்த்து ஏன் அவ்வளவு நிம்மதியாக நித்திரை கொண்டார் என்பது எனக்கு விளங்கவேயில்லை.