சிவப்புக் கோட்டை நம்பினேன்

பழவேற்காட்டில் படகுகளுக்கு பேட்டரி, விளக்கு, ஜிபிஎஸ் பொருத்துவது என் தொழில். சிவப்பு ஒயரைப் பார்த்தால் என் கை தானாகப் பிளஸ்ஸுக்குப் போகும்.

மீஞ்சூரில் வேலை பார்க்கும் என் மைத்துனன் பால், மாடுலர் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி வைத்திருக்கிறான். ஒலி எழுப்ப ஒன்று, அதை மாற்ற ஒன்று என்று தனித்தனி மாடுல்களை வாங்கி ஒரே பெட்டியில் பொருத்த வேண்டும். எந்தக் கம்பெனியுடையதானாலும் உயரமும் மின் இணைப்பும் ஒரே மாதிரி இருக்கும். மாதா கோயில் திருவிழாவில் வாசிப்பதற்காகப் புது மாடுல் வாங்கி, பொருத்தித் தரும்படி என்னிடம் கொடுத்தான்.

அதன் பட்டை ஒயரில் ஓரமாக ஒரு சிவப்புக் கோடு. மாடுலின் பின்னால் பிளஸ் போட்டிருந்த பக்கம் அந்தக் கோடு வரும்படி செருகி, சுவிட்சைப் போட்டேன். புகை கிளம்பியது.

“இன்னாங்க, கருகுது?” என்று மனைவி ஓடி வந்தாள்.

பால் வந்து பார்த்தான். “மாமா, இதுல செவப்புக் கோடுன்னா மைனஸ். எல்லாக் கம்பெனியும் அப்படித்தான் வெச்சிருக்கான். கூட வந்த பேப்பர்ல போட்டிருக்கே, படிக்கலியா?”

படிக்கவில்லை. எனக்குத் தெரியாத ஒயரா என்ற திமிர்தான்.

“திருவிழாவுக்குள்ள நானே சரிபண்ணித் தரேன்” என்றேன். நல்லவேளை, இரண்டு ஐசி சில்லுகள் மட்டுமே போயிருந்தன. சென்னைக்குப் போய் வாங்கிவந்து மாற்றினேன். மூன்றாம் நாள் மாடுல் பாடியது.

இப்போதெல்லாம் படகு வேலையில்கூட மீட்டர் வைத்துப் பார்க்காமல் ஒயரைத் தொடுவதில்லை. “தெரிஞ்ச ஒயர்தானேண்ணா?” என்று படகுக்காரர்கள் அவசரப்படுத்துவார்கள்.

“தெரிஞ்ச ஒயர்லதான் புகை வந்துச்சு” என்பேன்.