அரசன் மனம் மாறாத படம்

அப்பாவுக்கு மிகவும் பிடித்த ராஜா ராணிப் படத்தின் கதையைச் செய்தியாக எழுதச் சொன்னால், கடைசிக் காட்சியை முதல் வரியில் வைப்பேன். இளவரசி காதலித்த குதிரைக்காரன் உண்மையில் பக்கத்து நாட்டு இளவரசன் என்று தெரியவருகிறது. தோளில் இருக்கும் மச்சத்தை வயதான தாதி அடையாளம் சொல்கிறாள். அதுவரை அவன் தலையை வாங்கத் துடித்த அரசன் அவனைக் கட்டிக்கொள்கிறான். தாம்பாளத்தில் பட்டு உடை வருகிறது. குதிரைக்காரன் உடுத்திக்கொள்கிறான். கல்யாணம்.

நெய்வேலியில் நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது கிளப் மைதானத்தில் திரை கட்டி இந்தப் படத்தைப் போட்டார்கள். இப்போது அப்பா கைப்பேசியில் பார்க்கிறார். ஏழைக்குப் பெண் கொடுத்த ராஜாவின் கதை என்றுதான் எல்லோரும் அதைச் சொல்வார்கள். கவனித்துப் பார்த்தால் அதில் எந்த ராஜாவும் ஏழைக்குப் பெண் கொடுக்கவில்லை. அரசன் தன் மனத்தை ஒரு விரற்கடைகூட மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

என் தங்கை கல்யாணம் செய்துகொண்டவர் கம்மாபுரம் பக்கத்துக்காரர், சுரங்கத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி. அப்பா அதே சுரங்கத்தில் பெர்மனென்ட், ஃபோர்மேன். காண்ட்ராக்ட், பெர்மனென்ட் என்ற இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் இருக்கும் தூரம் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, வீடு தேடி வரும் வரன்கள் எல்லாமே அந்த ஒரு சொல்லைப் பொறுத்தவை. சாதி ஒன்றாகவே இருந்ததால் மறுப்புச் சொல்ல அப்பாவுக்கு வேறு எதுவும் அகப்படவில்லை. பையன் நல்லவன்தான், பெர்மனென்ட் ஆகட்டும் என்று சொல்லிச் சொல்லிக் காலத்தை இழுத்தார். அவர் ஆகவில்லை. தங்கையும் வேறு யாரையும் பார்க்கச் சம்மதிக்கவில்லை.

கடைசியில் பேச வந்தபோது மாப்பிள்ளையின் அம்மா குவார்ட்டர்ஸைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எங்க கொல்லையா இருந்ததுதாங்க. மல்லாட்ட போட்டுகினு இருந்தோம். நாங்க என்னா புதுசா வர்றோமா?" என்றார். டவுன்ஷிப்புக்காகக் கம்பெனி எடுத்த நிலத்தில் அவர்களுடைய வேர்க்கடலைக் கொல்லையும் ஒன்று. அப்பாவும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு கல்யாணம் முடிவாயிற்று.

ஆனால் திண்டிவனம் பக்கத்துச் சொந்தக்காரர்களிடம் மாப்பிள்ளை பெர்மனென்ட் என்றே அப்பா சொல்லி வைத்தார். கல்யாணக் கூட்டத்தில் யாரும் துருவவில்லை. தலைதீபாவளிக்கு அங்கிருந்து பெரியப்பா குடும்பத்தோடு வருவதாகச் சொன்னதும் அப்பாவுக்குக் கவலை வந்துவிட்டது.

வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனியில் அவருக்கு யூனிஃபார்ம் துணி கொடுப்பார்கள். அந்த வருஷத் துணியைத் தையல்காரரிடம் கொடுத்து மாப்பிள்ளையின் அளவில் சட்டை தைத்து வாங்கினார். அளவுக்கு ஒரு பழைய சட்டை வேண்டும் என்று தங்கையிடம் கேட்டபோது, தீபாவளிச் சட்டைக்குத்தான் என்று அவள் நினைத்துக் கொடுத்திருக்கிறாள். காலையில் எண்ணெய்க் குளியல் முடிந்து மாப்பிள்ளை உட்கார்ந்ததும் அப்பா தாம்பாளத்தை நீட்டினார். மேலே பட்டு வேட்டியும் சட்டையும், அவற்றுக்குக் கீழே யூனிஃபார்ம். சுரங்கத்தில் தீபாவளியன்றும் வேலை உண்டு. சாயங்காலம் பெரியப்பா வரும்போது ஷிப்ட் முடிந்து வந்த மாதிரி இதைப் போட்டுக்கொண்டு இருந்தால் போதும் என்று கெஞ்சுகிற குரலில்தான் கேட்டார்.

மாப்பிள்ளை அந்தச் சட்டையை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தார்.

"அளவு சரியாத்தான் இருக்குது மாமா. ஆனா இது ஒங்க சட்டை. எஞ்சட்டையப் போட்டுகினுதான் நான் தெனம் வேலைக்குப் போறேன்."

மடித்துத் திரும்பத் தாம்பாளத்தில் வைத்துவிட்டு வேட்டியை மட்டும் எடுத்துக்கொண்டார். சாப்பிட்டார். பெரியப்பா வருவதற்கு முன்பே இரண்டாவது ஷிப்ட் இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். உண்மையாகவே இருந்தது.

அப்பா அவமானப்படுத்த நினைக்கவில்லை. அரசன் செய்ததைத்தான் தானும் செய்வதாக நினைத்தார். தன்னிடம் இருந்ததிலேயே உயர்ந்த உடையைத்தான் கொடுத்தார்.

அதற்குப் பிறகு மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வரவில்லை. தங்கை தனியாக வருவாள். குழந்தை பிறந்த பிறகு குழந்தையோடு வருவாள். சாப்பாடு, காய்ச்சல், மழை பற்றியெல்லாம் பேசுவாள். அவருடைய வேலை பற்றி மட்டும் பேச மாட்டாள். நாங்களும் கேட்க மாட்டோம். கேட்காமல் இருப்பது மரியாதை என்று நினைத்தோம். அப்பா ஓய்வுபெற்று டவுன்ஷிப்பை விட்டு வெளியே வீடு கட்டிக்கொண்டு வந்தார். அந்த வீட்டின் வாசற்படியை மாப்பிள்ளை இன்னும் மிதிக்கவில்லை.

போன தை மாதம் குழந்தைக்குக் காதுகுத்து. கம்மாபுரத்துக்குப் போகும் பஸ்ஸில் அப்பா என்னிடம், பெரியப்பாவும் வருகிறார், இன்றைக்கு அவரிடம் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன், மாப்பிள்ளை காதில் விழும்படி சொல்லப் போகிறேன் என்றார். அப்படிச் சொல்லிவிட்டால் அவர் வீட்டுக்கு வருவார் என்று நம்பினார்.

தாய்மாமன் மடியில்தான் காது குத்த வேண்டும். குழந்தையை இறுகப் பிடித்தபடி கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தேன். சற்றுத் தள்ளிப் பந்தி நடந்தது. மாப்பிள்ளை சாம்பார் வாளியோடு வரிசையில் வந்துகொண்டிருந்தார். பெரியப்பா வழக்கம்போல மாப்பிள்ளை எந்த மைன்ஸில் இருக்கிறார் என்று கேட்டார். அப்பா தேவைக்கு அதிகமான குரலில் சொன்னார்:

"அவரு பெர்மனென்ட் இல்லண்ணே. காண்ட்ராக்ட்ல இருக்காரு. நான்தான் அன்னிக்கு மாத்திச் சொன்னேன்."

பந்தியில் சிலர் நிமிர்ந்து பார்த்தார்கள். மாப்பிள்ளை வாளியோடு நின்றுவிட்டார். இலைக்கு உப்பு வைத்துக்கொண்டு வந்த அவருடைய அம்மாதான் பதில் சொன்னார்.

"காண்ட்ராக்ட்ட வுட்டே ரெண்டு பொங்கல் ஆவுதுங்களே. சொந்தமா குட்டியானை லோடு வண்டி வாங்கி, காடாம்புலியூர்ல பலாப்பழம் ஏத்திகினு இருக்கான். ஒங்களுக்குத் தெரியாதா?"

அதில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். எனக்கும் அப்போதுதான் தெரியும். பத்தர் ஊசியை எடுத்தார், குழந்தை அலறியது. நான் மறுபடி திரும்பிப் பார்த்தபோது மாப்பிள்ளை அப்பாவின் இலைக்கு வந்திருந்தார். சாம்பார் போடட்டுமா என்று கேட்டிருக்க வேண்டும். அப்பா தலையாட்டினார். அவர் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.

கிளம்பும்போது தங்கை வாசல்வரை வந்து விபூதி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் மூன்று குட்டியானை வண்டிகள் நின்றன. அப்பா ஒவ்வொன்றின் முன்னாலும் கொஞ்ச நேரம் நின்று, கண்ணாடியையும் டயரையும் பார்த்தார். எது மாப்பிள்ளையுடையது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. உள்ளே போய்க் கேட்கவும் இல்லை.