அடியில் ஒரு புள்ளி

குடமோ டபராவோ, எதைக் கையில் கொடுத்தாலும் அக்தர் பாய் முதலில் அதைக் கவிழ்த்துவிடுவார். பெயர் வெட்டும் மெஷினின் ஊசியால் அடிப்பக்கத்தில் ஒரே ஒரு புள்ளி வைப்பார். தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்பார். அப்புறம்தான், “பேரு சொல்லுங்க.”

மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில், சுப்பராயலு பாத்திரக்கடை வாசலில், ஒரு முக்காலியும் கடைக்குள்ளிருந்து இழுத்த ஒரு வயரும்தான் அவருடைய தொழிற்சாலை. சேலையூர், சிட்லபாக்கம் பக்கம் கல்யாணச் சீராகப் போன எவர்சில்வரில் பாதி அவர் கைபட்டதுதான். எங்கள் வீட்டுப் பால்சொம்பிலும் அவர் எழுத்து இருக்கிறது, வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவேன். அடக்கம் மட்டும் மனிதரிடம் மருந்துக்கும் கிடையாது. “நம்மள மாதிரி ஒருத்தன் வெட்டட்டும், மெஷினை அவன்கிட்டயே குடுத்துட்டுப் போயிடறேன்” என்பார்.

எவர்சில்வரில் சேர்க்கும் நிக்கலின் விலை தாறுமாறாக ஏறிய 2006இல் ஒரு நாள், நானும் ஒரு சொம்போடு காத்திருந்தேன். கோவளத்தில் மீன் விற்கும் அங்காளம்மா, மகள் ஜோதிலட்சுமியின் சீருக்காக அதே கடையில் வாங்கிய குடங்களைக் கொண்டுவந்து இறக்கினார். பாய் புள்ளி வைத்தார். இன்னொன்று வைத்தார். மெஷினை அணைத்துவிட்டார்.

“இன்னா பாய், கரண்டு பூட்ச்சா?”

“கரண்டு கீதும்மா. ஸ்டீலுதான் சரியில்ல. பேரு வெட்டிட்டா கடையில திருப்பி எடுக்க மாட்டாங்க. இப்பவே மாத்திக்கினு வந்துடு.”

கடைக்காரர் சுப்பராயலு காந்தத்தோடு வெளியே வந்துவிட்டார். குடத்தில் வைத்துக் காட்டினார், ஒட்டவில்லை. “பாத்தீங்களா? நல்ல ஸ்டீல்! என் கரண்ட்டுல உக்காந்துகிட்டு என் சரக்கையே குத்தம் சொல்றீங்களா பாய்? நாளையிலேருந்து வேற இடம் பாத்துக்குங்க.”

அந்த வாசலை விட்டால் பாய்க்கு வேறு பிழைப்பு இல்லை. அவரோ அசரவில்லை.

“அண்ணா, நிக்கலைக் கொறைச்சுட்டு மாங்கனீஸைக் கொட்டினாலும் காந்தம் ஒட்டாது. ஆனா ஊசிக்குத் தெரிஞ்சுடும். நிக்கல் நெறைய இருந்தா மெத்துனு எறங்கும். இது கெட்டி, மொறைக்குது. பளபளப்பு ரெண்டுலயும் ஒண்ணுதான். இந்தம்மா பொண்ணு வாழப்போறதும் கடலோரம். உப்புக் காத்துல சீக்கிரமே துரு புள்ளி புள்ளியா வந்துடும். மாமியார் வூட்டுல அது பொண்ணு பேரு மேலதான் நிக்கும்.”

சுப்பராயலு உள்ளே போய், பரணிலிருந்த பழைய சரக்குக் குடம் ஒன்றை எடுத்துவந்தார். மெஷினைப் பாயிடமிருந்து வாங்கி, பழையதில் ஒரு புள்ளி, புதியதில் ஒரு புள்ளி தன் கையாலேயே வைத்தார். இரண்டையும் விரலால் தடவினார். புதுச்சரக்கு அனுப்பிய மொத்த வியாபாரியைப் பல்லைக் கடித்துக்கொண்டு திட்டினார். நானே கண்டுபிடித்தது போல எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாய் மட்டும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு எங்கோ பார்த்தார்.

மெஷினைப் பாயிடம் கொடுத்துவிட்டு மறுபடி உள்ளே போன சுப்பராயலு, இரண்டு கையிலும் பழைய சரக்குக் குடங்களோடு வந்தார். ஒன்றைக் கீழே வைத்தார். மற்றதைத் தானே கவிழ்த்து, அதன் அடிப்பக்கத்தைப் பாயின் ஊசிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார்.